மேலே ஒரு லேயர் போட்டால் போதுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊரில் படகு வைத்திருக்கும் அண்ணன் தம்பிக்கு இதை அனுப்பி வையுங்கள்.

ஆவணி பிறந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் வாடைக்காற்று திரும்பும், மழை பிடிக்கும். நேற்றுச் சாயங்காலம் கரையோரம் நடந்துபோனேன். மூன்று இடத்தில் பழைய ஃபைபர் படகின் தளத்தின் மேல் மேட்டு விரித்து ரெசின் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். "என்னப்பா வேலை?" என்றேன். "தளம் கொஞ்சம் அமுங்குது சார். மேலே ஒரு லேயர் போட்டுட்டா இந்த மழைக்குத் தாங்கிடும்" என்றான்.

அவனிடம் நின்று பேச நேரம் இல்லை. அதனால் அவனுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்த ஒரு லேயரைப் போடாதீர்கள். நான் படகு கட்டுகிறவன் இல்லை, சாக்குக்கட்டி பிடித்தவன். ஆனால் அந்த ஒரு லேயருக்கு என் பென்ஷன் பணத்தைக் கொடுத்தவன். அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தவன்.

சுனாமிக்குப் பிறகு 2005இல் என் தம்பிக்கு ஒரு தொண்டு நிறுவனம் வழியாக 28 அடி ஃபைபர் படகு கிடைத்தது. அப்பா காலத்துக் கட்டுமரத்தில் போய்வந்தவனுக்கு அது பெரிய மாற்றம். "இது அழுகாது, பூச்சி அரிக்காது, நம்ம காலத்துக்கும் இருக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் நம்பினேன். நீங்களும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறீர்கள்.

ஃபைபர் அழுகாது என்பது உண்மைதான். ஆனால் ஃபைபர் படகு முழுக்க ஃபைபர் இல்லை. வெளி ஓடு கண்ணாடி இழையும் ரெசினும். உள்ளே அடியில் அணியத்திலிருந்து அமரம் வரை நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் மரம். மேஸ்திரிகள் அதை ஸ்டிரிங்கர் என்பார்கள். அதன் மேல் உட்காரும் தளம் பிளைவுட். எஞ்சின் பூட்டும் கட்டையும் மரம். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லியதாக ஃபைபர் போர்த்தியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் மரம் இருப்பதே தெரியாது. எல்லாப் படகும் இப்படி இல்லை. ஆனால் நம் கரையில் அந்தச் சமயம் வந்த படகுகளில் பல இப்படித்தான்.

இந்தப் போர்வையில் ஓட்டை விழுவது எங்கே தெரியுமா? நாமே போடும் ஓட்டைகளில்தான். வலைக் கயிறு கட்ட ஒரு வளையம், விளக்குக் கம்பத்துக்கு நாலு ஸ்குரூ, ஐஸ் பெட்டி நகராமல் இருக்க இரண்டு போல்ட். ஒவ்வொன்றும் மரத்துக்குள் தண்ணீர் இறங்கும் வழி. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் படகைத் தூக்கி வேறொரு படகின் மேல் போட்டது. ஓடு தப்பியது. தளமும் ஓடும் சேரும் இடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டது. தம்பி அதைப் பார்த்துப் பெயின்ட் அடித்தான்.

இங்கே ஒரு பாடம் சொல்கிறேன். மரத்தை அழுக வைப்பது கடல்நீரைவிட மழைநீர்தான். உப்பில் அந்தப் பூஞ்சை அவ்வளவாக வளராது. கரையில் ஏற்றி வைத்த படகில் மழைநீர் தேங்கி, அது சிறுகச் சிறுக உள்ளே இறங்கினால்தான் ஆபத்து. மரம், ஈரம், கொஞ்சம் காற்று, நம் ஊர் வெக்கை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் படகு கடலில் இருந்த நாளைவிடக் கரையில் நனைந்த நாளில்தான் அதிகம் கெட்டது.

2020 புரட்டாசியில் தம்பி வந்து, "அண்ணே, தளம் மிதிச்சா அமுங்குது" என்றான். திறந்து பார்க்கலாம் என்று அவன்தான் முதலில் சொன்னான். நான்தான் கணக்குப் போட்டேன். திறந்தால் மூன்று வாரம் தொழில் இல்லை. மேலே ஒரு லேயர் என்றால் இரண்டு நாள், 18 ஆயிரம் ரூபாய். "கொரோனா வருஷம்டா, இப்ப எதுக்குப் பெரிய செலவு? மேலே போட்டுடு, நான் தர்றேன்" என்றேன். பெரியவன் சொன்னால் கேட்பான். போட்டுவிட்டான். தளம் கல்லு மாதிரி ஆனது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

தம்பி 2022இல் உடம்பு முடியாமல் போய்ச் சேர்ந்தான். படகு அவன் மகன் கைக்கு வந்தது. 2023 கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை, கரையிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி வலை வாங்கிக்கொண்டிருந்தபோது அமரத்துப் பக்கம் தளம் உடைந்து பையனின் வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்துப் பார்த்தால் கீழே தண்ணீர் நிற்கிறது. எஞ்சின் கட்டையின் போல்ட்டுகள் மரத்தைப் பிடிக்காமல் சும்மா ஆடுகின்றன. லாங் டெயில் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கயிறு போட்டு எஞ்சினைக் கட்டி, ஒருவன் தண்ணீர் இறைக்க, மெல்ல ஓட்டி வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அன்றைக்குக் கடல் சாதுவாக இருந்தது. வாடை ஏறியிருந்தால் இந்தப் பதிவை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பையன் என்னைக் குறை சொல்லவில்லை. "பெரியப்பா, அது பழைய படகு" என்றான். ஆனால் எனக்குத் தெரியும், அந்த 18 ஆயிரத்தின் வேலை அது.

2024 பங்குனியில் திறந்தோம். பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவர் வந்தார். என்னிடம் படிக்காதவர், அதனால் என்னிடம் பயமில்லாமல் பேசினார். முதலில் சுத்தியலின் பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்டது. கெட்ட இடத்தில் 'தொப்' என்று அமுங்கிய சத்தம். சாக்பீசால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். பாதித் தளம் வட்டத்துக்குள் வந்துவிட்டது. சந்தேகமான இடத்தில் மெல்லிய துளை போட்டு மரத்தூளைக் கையில் வாங்கிக் காட்டினார். நல்ல மரத்தூள் வெளிர் நிறத்தில் உலர்ந்து வரும். எங்களுக்கு வந்தது ஈரமான காப்பித்தூள்.

வெட்டித் திறந்தபோது பிளைவுட் கையோடு வந்தது. மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கு போல இருந்தது. அதன் மேல் நான் பணம் கொடுத்துப் போட்ட லேயர் மட்டும் பளபளவென்று இருந்தது. இரண்டு ஸ்டிரிங்கரில் ஒன்று பாதிக்கு மேல் உள்ளீடற்ற குழாய் ஆகிவிட்டது. மிதப்புக்கு ஊற்றியிருந்த மஞ்சள் ஃபோமில் ஓர் அடிக்கு ஓர் அடி துண்டு வெட்டி மீன் தராசில் வைத்தோம். உலர்ந்திருந்தால் ஒரு கிலோ இருக்கும். ஏழு கிலோ காட்டியது. படகைக் காப்பாற்ற வேண்டியதே படகை அமுக்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "மேலே மூடியாச்சே, காத்து இல்லாம அந்தப் பூஞ்சை செத்திருக்க வேண்டாமா?" சிரித்தார். "சார், மூடினது மேலே மட்டும்தானே? கீழேயும் பக்கத்துலயும் வர்ற ஈரம் அப்படியே வரும். முன்னாடி வெயிலடிச்சா மேல் வழியாக் கொஞ்சமாவது காயும். நீங்க அந்த வழியையும் அடைச்சிட்டீங்க." மரத்துக்குள்ளேயே பூஞ்சைக்குப் போதுமான காற்று இருக்கிறது என்றும் சொன்னார். இதுதான் அந்த ஒரு லேயர் செய்கிற வேலை. அழுகலை நிறுத்தாது. அழுகலை நம் காலுக்குத் தெரியாமல் செய்யும். முன்பு தளம் அமுங்கி நம்மை எச்சரித்தது. நான் அந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்டேன்.

ஆசிரியராக இருந்தவனுக்கு இது புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது. கடன் வாங்கிக் கழித்தல் வராத பிள்ளையை வகுத்தலுக்கு நகர்த்தி, வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைத்து, ஆய்வுக்கு வரும் அதிகாரி முன் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் போய் உடைந்தது. உங்களில் சிலருக்கே அது நடந்திருக்கலாம். மன்னியுங்கள்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். இதை வைத்து நீங்களே செய்யலாம் என்று சொல்லவில்லை. செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

தளத்தை வெட்டும் முன் ஓட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி அரை நாள் இதற்கே செலவழித்தார். மணல் மூட்டைகளை ஓட்டின் வளைவுக்கு ஏற்றபடி பல இடத்தில் வைத்து, கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவலால் இரண்டு விளிம்பும் சமமா என்று பார்த்து, அணியத்திலிருந்து அமரத்துக்கு நூல் கட்டினார். தளமும் சட்டமும் போனால் ஓடு வெறும் கிண்ணம். தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுச் சட்டம் ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம். அதனால்தான் இரண்டு ஸ்டிரிங்கரையும் ஒரே நாளில் பிடுங்கவில்லை. ஒன்றை மாற்றி முடித்த பிறகுதான் அடுத்தது. பழையதைப் பிடுங்கும் முன் அட்டையில் அதன் வடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டார்.

அடுத்தது காய வைப்பது. பொறுமை போவது இங்கேதான். பகலெல்லாம் வெயிலில் திறந்து வைத்து, இரவில் பனி படாமல் கொஞ்சம் காற்றோட்டம் விட்டு தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒரு வாரம் கழித்து நான் "காஞ்சிடுச்சே" என்றேன். அவர் ஒரு பாலிதீன் துண்டை உள்ளே ஒட்டி நாலு பக்கமும் டேப் போட்டார். மறுநாள் அதன் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். இன்னும் ஒரு வாரம் காத்திருந்தோம். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. பெயின்ட்டின் மேலும் சரியாகப் பிடிக்காது. அதனால் பழைய ஃபைபர் சொரசொரப்பாகத் தெரியும் வரை கிரைண்டர் போட்டுத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். மேலே போட்ட லேயர்கள் அப்பளம் போல உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மரம் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். 303 என்று இருப்பது வீட்டுக்கு. ஆனால் எவ்வளவு நல்ல பலகையும் நனைந்துகொண்டே இருந்தால் மக்கும். ஆகையால் ஒட்டும் முன்பே ஆறு பக்கமும் ரெசின் குடிக்க விட வேண்டும். வெட்டு முனை அதிகம் குடிக்கும், அதற்கு இரண்டு மூன்று தடவை. எங்கள் பழைய தளத்தின் அடிப்பக்கம் பச்சை மரமாகவே இருந்தது. மேலே மட்டும் சட்டை போட்டிருந்தார்கள்.

சட்டத்தை ஓட்டின் மேல் முட்டி நிறுத்தக் கூடாது, ரெசின் பசையில் உட்கார வைக்க வேண்டும். முட்டி நின்றால் அலை அடிக்கும்போது அந்த ஒரு கோட்டிலேயே அடி விழுந்து ஓடு விரியும். மூலையை அந்தப் பசையால் விரல் வளைவுக்கு வழித்துவிட வேண்டும். மேட்டு நேர்மூலையில் மடங்காது, உள்ளே காற்று நின்றுவிடும். பிறகு ஒரு மேட்டு, அதைவிட அகலமாக அடுத்தது, அதைவிட அகலமாக அதற்கடுத்தது. ஒரே அகலத்தில் எல்லாவற்றையும் ஒட்டினால் அந்த விளிம்பில் விரிசல் வரும்.

போல்ட் போட வேண்டிய இடத்தில் முதலில் பெரிய துளை. அதை ரெசின் பசையால் நிரப்பி இறுகவிட்டு, நடுவில் சிறிய துளை. அப்போது போல்ட் மரத்தைத் தொடாது, அதன் வழியாகத் தண்ணீரும் மரத்தைத் தொடாது. சட்டத்தில் தண்ணீர் ஓட விடும் ஓட்டைகளையும் இப்படியே. ஒரு துளைக்குப் பத்து நிமிடம் கூடுதல் வேலை. எங்கள் படகை 2005இல் கட்டியபோது யாராவது இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

நனைந்த ஃபோமை எடுத்துப் போட்டுவிட்டு, "இடம் கிடைத்தது, ஐஸ் வைக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். ஃபைபர் தண்ணீரைவிடக் கனம். எஞ்சினும் கனம். மிதப்பு இல்லாமல் தண்ணீர் ஏறினால் படகு மூழ்கிவிடும், பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. நாங்கள் தெர்மாகோல் கட்டிகளைப் பாலிதீனில் சுற்றி வைத்தோம். சுற்றாமல் வைத்தால் ரெசின் பட்ட இடத்தில் தெர்மாகோல் கரைந்துபோகும்.

கடைசியாகத் தளம். அதில் கை நுழைகிற அளவுக்கு மூன்று மூடிகள் வைக்கச் சொன்னேன். இந்த வேலையில் நான் சொன்ன ஒரே யோசனை இதுதான். மேஸ்திரி ஒத்துக்கொண்டார். இப்போது பையன் கரையேறியதும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, காற்றாட விடுகிறான். போன மழைக்காலம் முழுக்க உள்ளே உலர்வாகவே இருந்தது.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெசினின் அந்த நெடி ஸ்டைரீன். தலைவலி, மயக்கம் தரும். கண்ணாடி இழைத் தூசி கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். உதவிக்கு வந்த இரண்டு பையன்களும் கைலியை முகத்தில் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடித்தார்கள். மாஸ்க்கும் கண்ணாடியும் கையுறையும் நான் வாங்கிக் கொடுத்தேன். பெரிய செலவில்லை. இன்னொன்று, ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது. இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைப்பதைப் பார்த்தால் உடனே பிரித்து வையுங்கள்.

மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 24 நாள் தொழில் இல்லை. "இந்தப் பணத்துக்குப் புதுப் படகுக்கு முன்பணம் கட்டிடலாமே சார்" என்று கேட்டவர்கள் உண்டு. எங்களுக்குச் சொன்ன புது ஓட்டின் விலை இதைப் போல மூன்று மடங்குக்கு மேல். எங்கள் பழைய ஓடு இருபது வயதை நெருங்கியும் உறுதியாக இருந்தது. அதைத் தூக்கிப் போட்டால் எங்கே போடுவது? இரும்பு என்றால் பழைய இரும்புக்காரர் எடுப்பார். கட்டுமரம் என்றால் அடுப்புக்காவது ஆகும். ஃபைபரை உருக்க முடியாது, எரித்தால் நச்சுப் புகை. நம் கரையில் சவுக்குத் தோப்பு ஓரம் மல்லாந்து கிடக்கும் ஓடுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவற்றில் எத்தனை ஓடு கெட்டுப்போய் வந்தது, எத்தனை உள்ளே இருந்த மரம் கெட்டதால் வந்தது?

"24 நாள் அடுப்பு எரிய வேண்டாமா?" என்பதுதான் நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. எங்களுக்கு என் பென்ஷன் இருந்தது. எல்லோருக்கும் இருக்காது. ஆனால் ஊர்க் கூட்டத்தில் மானியம் கேட்டு மனு எழுத என்னிடம் வரும்போதெல்லாம் புதுப் படகு, புது எஞ்சின் என்றுதான் எழுதச் சொல்கிறீர்கள். பழுது பார்க்கக் கடன் வேண்டும் என்று இதுவரை ஒருவரும் எழுதச் சொன்னதில்லை. அதைக் கேட்போம், நான் எழுதித் தருகிறேன். சங்கத்தில் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, வருடத்துக்கு நாலு படகைத் திறப்போம். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பையன்கள் இரண்டு பேர் அந்த மேஸ்திரியிடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும்.

இந்த மழைக்கு முன் நேரம் இல்லை என்றால் இவ்வளவாவது செய்யுங்கள். தளத்தைத் தட்டிப் பாருங்கள். அமுங்கும் இடத்தில் ஒரு மூடி அளவுக்கு வெட்டித் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். எஞ்சின் போல்ட்டை ஆட்டிப் பாருங்கள். படகு கரையில் நிற்கும்போது மழைநீர் தேங்காமல் அடைப்பானைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி வையுங்கள். எஞ்சின் கட்டை ஆடினால் கடலுக்குப் போகாதீர்கள். தளம் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்றால் வாடை நேரத்தில் தூரம் போகாதீர்கள். பங்குனியில் திறந்து முழுதாகச் செய்யுங்கள். ஆனால் அதுவரை மேலே மூடாதீர்கள்.

தம்பி அன்றைக்குத் திறந்து பார்க்கலாம் என்றுதான் சொன்னான். நான் கேட்கவில்லை. நீங்கள் என் பேச்சைக் கேளுங்கள்.

நேற்று லேயர் போட்டுக்கொண்டிருந்த தம்பி, இதைப் படித்தால் நாளைக் காலை வீட்டுக்கு வா. மேஸ்திரியின் நம்பர் தருகிறேன், பேசிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் சார்